கை கழுவும் வாளி எங்கே போனது?

2020-ன் நடுவில், கொரோனா பரவிய நேரத்தில், எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் ஒரு நீல வாளி இருந்தது. அடியில் குழாய் வைத்த வாளி. பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். கழுவாமல் யாராவது பெஞ்சில் உட்கார்ந்தால் "அண்ணே, கை" என்பார், அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. 2022 கோடைக்குள் சோப்பு காணாமல் போனது. அப்புறம் வாளியும் கடைக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு பஜ்ஜியை எடுத்துக் கடிக்கிறோம், நான் உட்பட.

இது எல்லா ஊரிலும் நடந்த கதை. பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வார்: "நம்ம ஜனங்க பயம் இருந்தா எல்லாம் செய்வாங்க, பயம் போனா மறந்துடுவாங்க." இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை முழு உண்மையாக எடுத்துக்கொண்டு திட்டம் போடும் இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு நோய் பரவும்போது சாதாரண மனிதர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எப்போது மனம் வைக்கிறார்? எப்போது வைப்பதில்லை? பொதுச் சுகாதாரத் துறையில் இதை 'நடத்தை மாற்றம்' என்பார்கள். பெயர்தான் கொஞ்சம் கரடுமுரடு.

வேன் வந்து நின்றும் ஆள் வரவில்லை

1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கருவி பொருத்திய வேன்களைக் குடியிருப்புகளுக்கே அனுப்பினார்கள். காசு வாங்கவில்லை. அலைய வேண்டியதில்லை. சில நிமிட வேலை. ஆனாலும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையில் வேலை பார்த்த சமூக உளவியலாளர்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. அவர்களில் ஒருவரான காட்ஃப்ரே ஹாக்பாம், பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் ஆகிய மூன்று நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார். 'எனக்கும் காசநோய் வரலாம்' என்று நம்பியதோடு, 'உடம்பு நன்றாக இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் நோயை முன்கூட்டியே பிடித்துவிடலாம், அதனால் நன்மை உண்டு' என்றும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் ஒரு முறையாவது தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் எடுத்துக்கொண்டவர்கள் 21 சதவீதம் பேர்தான். அதே வேன், அதே இலவசம். வித்தியாசம் மனதில் ஓடிய கணக்கில் இருந்தது.

இதை அடிப்படையாக வைத்து ஹாக்பாமும், இர்வின் ரோசன்ஸ்டாக் உள்ளிட்ட அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கியதுதான் 'சுகாதார நம்பிக்கை மாதிரி'. எழுபது ஆண்டுகள் ஆகியும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். அதை ஒரு தராசாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் ஆபத்து: இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம்? மறு தட்டில், செய்யச் சொல்லும் காரியம்: செய்தால் பலன் உண்டா, செய்ய எனக்கு என்ன செலவு, என்ன சிரமம், யார் என்ன சொல்வார்கள்? கணக்கு செய்யலாம் என்ற பக்கம் சாய்ந்தாலும் மனிதர் உடனே எழுந்து போய்விடுவதில்லை. ஒரு சின்னத் தூண்டுதல் வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் வந்த செய்தியாக இருக்கலாம், கடைக்காரரின் "அண்ணே, கை"யாகவும் இருக்கலாம். பின்னாளில், 1988-ல், இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: 'இது என்னால் முடியும்' என்ற தன்னம்பிக்கை. இந்தக் கருத்தை முதலில் விளக்கியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா.

இவற்றில் எல்லோரும் அதிகம் பேசுவது ஆபத்தைப் பற்றி. குறைவாகப் பேசுவது சிரமத்தைப் பற்றி. என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது.

2020-ல் "சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள்" என்று ரேடியோ, டிவி, போன் காலர் டியூன் எல்லாம் சொல்லின. அதற்கு முந்தைய கோடையில்தான் சென்னையில் ஏரிகள் வறண்டு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காக ராத்திரியெல்லாம் காத்திருந்தோம். ஒரு நாளைக்கு இத்தனை குடம் என்று எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், பத்து முறை கை கழுவு என்றால் அது அறிவு சம்பந்தப்பட்ட கேள்வியே கிடையாது. அந்த வீட்டு அம்மாவுக்குக் கிருமி பற்றித் தெரியும். தண்ணீர்தான் இல்லை. மாஸ்க்கும் அப்படித்தான். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு துணி. வெயிலில் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு அரை மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும் ஈரத் துணி. இரண்டு பேருக்கும் ஒரே அளவு 'பொறுப்பு' இருந்தாலும் நடத்தை ஒன்றாக இருக்காது.

ஹாங்காங், 2003

இந்தத் தராசு ஒரு நகரம் முழுக்க எப்படிச் சாய்ந்தது என்று பார்க்க ஹாங்காங்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2003 பிப்ரவரியில் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வந்த ஒரு மருத்துவர், நகரின் ஒரு ஹோட்டலில் ஒன்பதாவது மாடியில் தங்கினார். அவருக்கு சார்ஸ் என்ற கடுமையான சுவாசத் தொற்று இருந்தது. அந்த மாடியில் தங்கியவர்கள் மூலமாக நோய் வியட்நாம், சிங்கப்பூர், கனடா வரை போனது. ஆனாலும் மார்ச் நடுவில்கூட ஹாங்காங் மக்களில் பெரும்பாலோர் இதை மருத்துவமனைக்குள் நடக்கும் விஷயமாகத்தான் பார்த்தார்கள். அப்போது தொலைபேசி வழியாக எடுத்த ஆய்வில், வெளியே போகும்போது மாஸ்க் போடுவதாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான்.

அப்புறம் ஆமாய் கார்டன்ஸ் நடந்தது. கவுலூனில் உள்ள, வசதி குறைவென்று சொல்ல முடியாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, அதிகமாக 'ஈ' பிளாக்கில். விசாரித்தபோது தெரிந்த காரணங்களில் ஒன்று யாரும் நினைத்தே பார்க்காதது: குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் குழாய். அந்தக் குழாயில் ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழே இருக்கும் கழிவுநீர்க் காற்று மேலே வராமல் தடுக்கும். தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் வெறுமனே துடைத்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்த வளைவு காய்ந்துபோயிருந்தது. வயிற்றுப்போக்கோடு வந்துபோன ஒரு நோயாளியின் கழிவிலிருந்த கிருமி, குளியலறை ஃபேன் இழுத்த இழுப்பில் வேறு வேறு மாடி வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி என்பது தூரத்தில் இருக்கும் இடம். குளியலறை அப்படியில்லை. 'எனக்கும் வருமா' என்ற கேள்விக்கு ஒரே வாரத்தில் பதில் மாறிப்போனது. மார்ச் 31 அன்று 'ஈ' பிளாக்கை முடக்கினார்கள், மறுநாள் அங்கே குடியிருந்தவர்களை விடுமுறை முகாம்களுக்கு மாற்றினார்கள். அதே ஏப்ரல் 1 அன்று, ஹாங்காங்கையே மூடப்போகிறார்கள் என்று ஒரு பள்ளி மாணவர் விளையாட்டாகப் பத்திரிகைச் செய்தி போல உருவாக்கிய போலிப் பக்கத்தை நம்பிக் கடைகளில் அரிசியும் டப்பா உணவும் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. பயம் இப்படியும் வேலை செய்யும்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. மாஸ்க் போடுவதாகச் சொன்னவர்கள் சில வாரங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆனார்கள். லிஃப்ட் பட்டன்களை பிளாஸ்டிக் தாளால் மூடி, அடிக்கடி கிருமிநாசினி போட்டுத் துடைத்தார்கள். ஒரே தட்டிலிருந்து அவரவர் சாப்பிடும் குச்சியாலேயே எடுத்துச் சாப்பிடும் ஊர் அது. பரிமாறத் தனிக்குச்சி வைக்கும் வழக்கம் சாப்பாட்டு மேஜைகளுக்கு வந்தது. குளியலறைத் தரைக் குழாயில் வாரம் ஒரு முறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று அரசு சொன்னது, மக்கள் ஊற்றினார்கள். தெருவில் துப்பினால் 600 ஹாங்காங் டாலராக இருந்த அபராதம் 1,500 ஆனது. அந்த வசந்த காலத்தில் சார்ஸ் மட்டும் குறையவில்லை. சாதாரண ஃப்ளூ உள்ளிட்ட மற்ற சுவாசத் தொற்றுகளும் அந்த நகரத்தில் வழக்கத்தைவிடக் குறைந்திருந்ததை மருத்துவப் பரிசோதனைக் கணக்குகள் காட்டின.

அரை லிட்டர் தண்ணீர் என்ற அந்த அறிவுரையை நான் மிகவும் மதிக்கிறேன். "சுத்தமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எங்கே, எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொன்னார்கள். ஏன் என்பதும் எல்லோருக்கும் புரிந்திருந்தது. செய்ய ஒரு சொம்பு போதும்.

ஹாங்காங்கில் மொத்தம் 1,755 பேருக்கு நோய் வந்து 299 பேர் இறந்தார்கள். ஜூன் 23 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பாதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலிலிருந்து ஹாங்காங்கை நீக்கியது. நோய் அடங்க அடங்க மாஸ்க்குகளும் குறைந்தன. எங்கள் தெரு வாளியின் கதைதான் அங்கேயும். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு, பின்னால் வருகிறேன்.

பயம் மட்டும் போதும் என்று நினைத்தால்

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகள் அதிகம் அடிபட்டன. 28,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 11,300-க்கும் மேற்பட்ட மரணங்கள். தொடக்கத்தில் அங்கே கொடுத்த அறிவிப்புகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: எபோலா உயிரைக் கொல்லும், அதற்கு மருந்து கிடையாது.

அந்த நேரத்தில் இரண்டும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்கும் தாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முகம் தெரியாமல் உடை அணிந்தவர்கள் தூக்கிப் போவார்கள், அப்புறம் பார்க்க விடமாட்டார்கள். மருந்தும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் எதற்குக் கொண்டுபோக வேண்டும்? வீட்டிலேயே மடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே. அப்படித்தான் பலர் செய்தார்கள். பயம் குறைவாக இருந்ததால் நடந்ததில்லை இது. நிறைய இருந்தது, வழிதான் இல்லை.

இதை கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-லேயே விளக்கியிருக்கிறார். ஆபத்தைப் பெரிதாகச் சொல்லி, தப்பிக்கச் செய்யக்கூடியதையும் கூடவே கொடுத்தால் மனிதர் ஆபத்தைச் சமாளிக்கப் பார்ப்பார். வழியைக் கொடுக்காமல் ஆபத்தை மட்டும் பெரிதாக்கினால், தன் பயத்தைச் சமாளிக்கப் பார்ப்பார். அதாவது மறுப்பார், ஒளிவார், சொன்னவர் மேலேயே கோபப்படுவார். 2014 செப்டம்பரில் கினியின் வோமே கிராமத்துக்கு எபோலா பற்றி விளக்கப் போன குழுவில் எட்டுப் பேரைக் கிராமத்தார் கொன்றுவிட்டார்கள். கிருமிநாசினி தெளிக்க வந்தவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற வதந்தி அந்தப் பகுதியில் முன்பே பரவியிருந்தது.

அடக்கம் செய்வதில்தான் மிகக் கடினமான சிக்கல் இருந்தது. எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி நிறைந்திருக்கும். அங்கே இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு, முத்தமிட்டு அனுப்புவது வழக்கம். "தொடாதே" என்ற சொல் அங்கே ஒரு சுகாதார அறிவுரையாகக் காதில் விழவில்லை. உன் அம்மாவை அநாதைப் பிணமாக விட்டுவிடு என்று விழுந்தது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டில் எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். எரிக்கும் வழக்கமே இல்லாத ஊர். மக்கள் உடல்களை மறைத்து ரகசியமாகப் புதைத்தார்கள், நோயாளிகளையும் மறைத்தார்கள். டிசம்பரில் அந்த முறையைக் கைவிட்டு, டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய இடுகாடு திறந்தார்கள்.

அதே காலத்தில், 2014 நவம்பரில், உலகச் சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடும் செஞ்சிலுவைச் சங்கத்தோடும் கலந்து பேசி வேறொரு நடைமுறையை வெளியிட்டது. பெயரிலேயே 'கண்ணியம்' என்ற சொல் இருந்தது: பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம். குடும்பத்தார் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம், ஜெபிக்கலாம். இறந்தவருக்குப் பிரியமான பொருளை உள்ளே வைக்கச் சொல்லலாம். கல்லறையில் பெயர் இருக்கும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு, தண்ணீரால் குளிப்பாட்டுவதற்குப் பதிலாக தயம்மும் (தண்ணீர் இல்லாமல் மண்ணைக் கொண்டு செய்யும் சுத்தச் சடங்கு) செய்யலாம் என்று இமாம்களே சொன்னார்கள். கிருமியைப் பொறுத்தவரை பழைய உத்தரவும் புதிய நடைமுறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், உடலை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை. குடும்பத்துக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். ஒத்துழைப்பு பெருகியது இந்த இரண்டாவது உலகத்தில்தான்.

இதை எழுதும்போது 2020 ஏப்ரல் நினைவுக்கு வராமல் இல்லை. கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. உடன் வேலை பார்த்த மருத்துவர் நள்ளிரவில் தானே மண் தள்ளி நண்பரைப் புதைத்தார். கல்லெறிந்தவர்களுக்கு நோயின் மேல் பயம் நிறைய இருந்தது. புதைத்த உடலிலிருந்து நோய் தெருவுக்கு வராது என்று அந்தத் தெருவில் அவர்கள் நம்பும் ஒருவர் முன்கூட்டியே வந்து சொல்லியிருக்கவில்லை. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வாசலில் செருகிய வேப்பிலை

நமக்குள் தனிமைப்படுத்தல் என்பது 2020-ல் வந்த புதிய யோசனை கிடையாது. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தாலே பால்காரர் திண்ணையோடு நிற்பார், உறவுக்காரர் வெளியிலிருந்தே விசாரித்துவிட்டுப் போவார். நோயாளிக்குத் தனிப் பாய், தனித் துணி. வீட்டில் தாளிக்கும் சத்தமே கேட்காது. கொப்புளம் காய்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இதுதான் ஒழுங்கு. சின்னம்மை, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை பரவும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அது அம்மன் வந்திருக்கும் காலம் என்று நம்பித்தான் செய்தார்கள், தொற்றியல் படித்துச் செய்யவில்லை. சில வீடுகளில் டாக்டரிடம் போகக்கூடாது என்ற பிடிவாதமும் சேர்ந்துவந்தது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வேப்பிலையில் அவமானம் இல்லை. வீட்டுக்குள் இருப்பவர் குற்றவாளி ஆகவில்லை, மரியாதைக்குரியவர் ஆனார். தெருவில் எல்லோருக்கும் விதி தெரியும். எப்போது முடியும் என்பதும் தெரியும்.

2020-ல் சென்னையில் நோய் வந்த வீடுகளின் வாசலைச் சில இடங்களில் தகரம் வைத்து அடைத்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நோக்கம் ஒன்றுதான்: உள்ளே போகாதே, வெளியே வராதே. ஆனால் தகரத்தைப் பார்த்த தெரு, அந்த வீட்டுப் பிள்ளைகளை மாதக்கணக்கில் ஒதுக்கியது. விளைவு, காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள், பரிசோதனைக்குப் போகத் தயங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் வீடுகளில் இப்படிப்பட்ட அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தராசில் 'யார் என்ன சொல்வார்கள்' என்ற எடைக்கல் எவ்வளவு கனமானது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சொல்வதும் செய்வதும்

இதைப் படிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'நீங்கள் மாஸ்க் போடுகிறீர்களா' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? 2020-ல் மேற்குக் கென்யாவில் போனில் கேட்டபோது பெரும்பாலோர் போடுவதாகச் சொன்னார்கள். அதே பகுதிகளில் சந்தையிலும் சாலையிலும் நின்று எண்ணியபோது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். ஹாங்காங் எண்களும் மக்கள் சொன்னவைதான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கென்யர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணம் உண்மை. எண்ணத்துக்கும் கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நடைப்பயிற்சி போகவேண்டும் என்று நினைத்துப் படுக்கும் எல்லோருக்கும் தெரிந்த இடைவெளிதான்.

அந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது? அதே ஆண்டு நவம்பரில் வங்கதேசத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. 600 கிராமங்கள், ஏறக்குறைய 3.4 லட்சம் பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் எதுவும் செய்யவில்லை. அங்கே சரியாக மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதம். மீதிக் கிராமங்களில் வீட்டுக்கு வந்து இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள், ஏன் என்று விளக்கினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இமாம் பேசினார், ஊர்ப் பெரியவர்கள் தாங்களே போட்டுக் காட்டினார்கள். சந்தையிலும் மசூதி வாசலிலும் ஓர் ஆள் நின்று, போடாதவரைப் பார்த்து மரியாதையாக நினைவூட்டி, கையில் இல்லை என்றால் ஒன்றைக் கொடுத்தார். அங்கே 42 சதவீதம் ஆனது. மக்கள் சொன்னதை வைத்து எழுதியதில்லை, நேரில் நின்று எண்ணிய எண்.

போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் பார்த்தார்கள். 'இந்த வீட்டில் மாஸ்க் அணிகிறோம்' என்று வாசலில் அட்டை வைத்தும் பார்த்தார்கள். அவற்றால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வேலை செய்தது நேரில் நிற்கும் மனிதர். அந்த "அண்ணே, கை"!

செருப்பை யாரும் நினைவூட்டுவதில்லை

சரி, இரண்டு வருடம் தினமும் செய்தோமே, அது ஏன் பழக்கமாக ஒட்டவில்லை? லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு புதிய காரியம் யோசிக்காமல் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்றும் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்குப்படி நமக்கு நேரம் போதுமான அளவு கிடைத்தது.

நான் புரிந்துகொண்டது இது: பழக்கம் ஆளுக்குள் மட்டும் குடியிருப்பதில்லை, இடத்திலும் குடியிருக்கிறது. நம் வீடுகளில் செருப்பை வெளியே விட யாரும் யாருக்கும் நினைவூட்டுவதில்லை. வாசற்படி நினைவூட்டுகிறது, அங்கே ஏற்கெனவே கிடக்கும் நாலு ஜோடிச் செருப்பு நினைவூட்டுகிறது. டீக்கடையில் கை கழுவ நினைவூட்டியது அந்த நீல வாளி. அதை எடுத்தவுடன் நினைவும் போய்விட்டது. குறை நம் குணத்தில் என்று சொல்வதற்கு முன்னால், வாளியை எடுத்தது யார், ஏன் என்று கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், சோப்புக்குக் காசு வேண்டும், அதை அந்தக் கடைக்காரர் இரண்டு வருடம் தன் பையிலிருந்துதான் செய்தார்.

இடத்தில் எதுவும் மிஞ்சாவிட்டாலும் மனிதரிடம் கொஞ்சம் மிஞ்சும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மெக்சிகோவில் 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது எங்கும் கை கழுவச் சொன்னார்கள். பின்னர் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள், நோய் அதிகம் தாக்கிய மாநிலங்களில் சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கூடுதலாகக் குறைந்ததையும், அது உடனே மறைந்துவிடாததையும் கண்டார்கள். யாரும் குறிவைக்காத ஒரு நோய், கை கழுவியதால் குறைந்தது.

இனி ஹாங்காங்கின் தொடர்ச்சி. 2020 ஜனவரி 23 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி உறுதியானார். அரசு மேல் மக்களுக்கு அப்போது கடும் கோபம். பல மாதப் போராட்டங்கள், 2019 அக்டோபரில் போராட்டக் கூட்டங்களில் முகம் மறைக்கத் தடைச் சட்டம் வேறு. 2020 பிப்ரவரியில் நகர அரசின் தலைவரான தலைமை நிர்வாகி, மாஸ்க் கையிருப்பைக் காப்பாற்ற அதிகாரிகள் தேவையில்லாமல் அணிய வேண்டாம் என்றார். மக்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மருந்துக் கடைகள் முன்னால் விடியும் முன்பே வரிசை நின்றது. ஜனவரியிலேயே நாலில் மூன்று பேர் வெளியே போகும்போது மாஸ்க் போடுவதாகச் சொன்னார்கள், மார்ச்சில் 99 சதவீதம். பொதுப் போக்குவரத்தில் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது ஜூலையில்தான்.

பதினேழு வருடம் தூங்கிய பழக்கம் ஒரே வாரத்தில் எழுந்துகொண்டது. 2003-ல் குழந்தையாக இருந்தவர்களுக்கு அம்மா மாஸ்க் கட்டிவிட்ட நினைவு இருந்தது. எப்படிப் போடுவது, ஏன் போடுவது, போட்டால் பலன் உண்டா என்ற எந்தக் கேள்விக்கும் அவர்கள் புதிதாகப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. தராசு ஏற்கெனவே பாதி சாய்ந்திருந்தது.

எங்கள் தெருவில் சில மாதங்களுக்கு முன் பிள்ளைகளுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. முதலில் ஒரு வீடு, அப்புறம் வரிசையாக நாலைந்து வீடு. அந்த வாரம் டீக்கடைக்குப் போனபோது வாசலில் நீல வாளி இருந்தது. குழாயில் துரு ஏறியிருந்தாலும் தண்ணீர் வந்தது. பக்கத்தில் புது நூல், புது சோப்பு. யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? பின்னாடிதானே கெடந்துச்சு, எடுத்து வச்சேன்" என்றவர், என் கையைப் பார்த்தார்.